தாடையை இங்கே வையுங்கள்

தாடையை இங்கே வையுங்கள், நெற்றியை அந்தப் பட்டையில் சாயுங்கள்.
பச்சைப் புள்ளியைப் பாருங்கள். இமைக்காதீர்கள்.
ஒரு நாளில் நாற்பது முறை இதைச் சொல்கிறேன்
உசுலுத்தான் மருத்துவமனையில்,
மருந்துக் கிடங்கை ஒட்டிய அறையில்.
சன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்திருக்கிறோம்.
கதவுக்கு அடியில் மட்டும்
கோடாகக் கிடக்கும் எல் சால்வடோர் வெயில்.

முப்பத்தொன்பதாவதாக வந்தவர் எவெலியோ.
கரும்பு வெட்டுகிறவர். காதுமடல் மடிப்பில்
எரித்த வயலின் சாம்பல் இன்னும் இருந்தது.
கண்ணாடி வேண்டுமாம்.
"மகளின் பள்ளிக்கூடக் காகிதத்தைப் பார்த்தால்
எழுத்தெல்லாம் தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது."
வயது நாற்பத்தொன்று. வேறு நோய்: இல்லை.
நான்தான் எழுதினேன், இல்லை என்று.

வெளிச்சம் ஒருமுறை வெட்டியது.
திரையில் எழுந்தது அவர் விழித்திரை,
பழுத்த பப்பாளியின் உட்புற நிறத்தில்.
செம்புக் கம்பியாய் இறுகிப்போன தமனிகள்
சிரைகளை மிதித்துக் கடந்திருந்தன;
மிதிபட்ட இடத்தில் சிரை நசுங்கிக் கிடந்தது.
மூன்று பஞ்சுப் பிசிறுகள்.
பஞ்சு என்பது நாங்கள் வைத்த பெயர்,
இரத்தம் எட்டாமல் நரம்பிழை வீங்கிய இடம் அது.
தீநாக்கு வடிவில் இரண்டு கசிவுகள்.
எழுத்தைப் படிக்கிற நடுப்புள்ளியைச் சுற்றி
மஞ்சள் துகள்கள், யாரோ தெளித்ததுபோல்.

கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தேன்.
இருநூற்றுப் பத்து. கீழே நூற்று இருபத்து நான்கு.
கருவி பழுது என்று நினைத்து மறுபடியும் அடித்தேன்.

அகத்தில் உள்ளது முகத்தில் தெரியும் என்பார்கள்.
முகத்தில் ஒன்றுமே இல்லை, அந்த மனிதருக்கு.
கருமணியின் துளை வழியே
இரண்டரை சென்டிமீட்டர் உள்ளே போகவேண்டியிருந்தது.
சிறுநீரகத்தில் பத்து லட்சம் இரத்த நூற்கண்டுகள்,
தோலைக் கீறாமல் ஒன்றையும் பார்க்க முடியாது.
அதே மெல்லிய நூலில்தான்
கண்ணின் அடித்தளமும் நெய்யப்பட்டிருக்கிறது.
அங்கே இற்றுப்போவதற்கு
உடம்பு திறந்து வைத்திருக்கும் ஒரே சன்னல் இது.

"கடைசியாக எப்போது இரத்தம் கொடுத்தீர்கள்?"
"நவம்பரில். ஆலையில். நல்லபடியாக வந்தது."
கொஞ்ச நேரம் பேசவில்லை.
தொப்பியின் விளிம்பைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.
"வந்தது என் இரத்தம் இல்லை, நோஹெமி.
மச்சினன் ரிகோபெர்த்தோவுடையது.
என் பெயரைக் கூப்பிட்டதும் அவன் போய்க் கையை நீட்டினான்.
கிரியேட்டினின் ஏறியிருந்தால்
அறுவடைக்கு எடுக்க மாட்டார்கள்.
அறுவடை இல்லாவிட்டால் என்னிடம் வேறு என்ன இருக்கிறது?"

குப்பியில் யார் இரத்தமும் போகும்.

படத்தைக் காட்டச் சொன்னார்.
கண்ணைச் சுருக்கி, திரைக்கு மிக அருகில் வந்து பார்த்தார்.
"இராத்திரி லாரியில் திரும்பும்போது
எரிகிற வயல் இப்படித்தான் இருக்கும்" என்றார்.
பயந்ததாகத் தெரியவில்லை.
தனக்குத் தெரிந்த இடம் ஒன்றைப் பார்த்தவர்போல் இருந்தார்.

இரண்டு சீட்டு எழுதினேன்.
ஒன்று கண்ணாடிக்கு.
இன்னொன்று சிறுநீரகப் பிரிவுக்கு, இன்றே, என்று அடிக்கோடிட்டு.
ஆலைக்குப் போகுமா என்று கேட்டார்.
போகாது என்றேன். மறுபடியும் கேட்டார்.
மூன்றாவது முறை கேட்டபோது
என் குரலே எனக்கு உறுதியாக இல்லை.
கண்ணாடிச் சீட்டு சட்டைப் பைக்குள் போனது.
மற்றது தொப்பிக்குள், வியர்வைப் பட்டைக்குப் பின்னால்.

நாற்பதாவதாக யாரும் பதிந்திருக்கவில்லை.
வெளியே பெஞ்சில், மோட்டார் சைக்கிள் சாவியை
விரலில் சுழற்றிக்கொண்டு ஒருவர் இருந்தார்.
எவெலியோவைக் கூட்டி வந்தவர்.
இளைஞர், இருபத்தாறு இருக்கலாம்.
இந்தப் பருவத்தில் ஐந்து பேருக்குக் கொடுத்தேன் என்றார்,
மழையில் ஐந்து பேரை ஆற்றைக் கடக்க விட்டவர் தோரணையில்.
அவர் வெட்ட வந்து எத்தனை வருடம்?
ஏழு.
கடைசியாகத் தன் பெயரில் கொடுத்தது எப்போது?
யோசித்தார்.

உள்ளே வாருங்கள், இரண்டு நிமிடம்தான் என்றேன்.
வாசற்படியில் நின்று இருட்டைப் பார்த்தார்,
கருவியைப் பார்த்தார், தாடை வைக்கும் வெள்ளைக் குழியைப் பார்த்தார்.
"இரத்தம் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார்.
பழக்கத்தில்
சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துக்கொண்டிருந்தார்.