மூன்று நாள் மீன் தின்னாமல்

கட்டக்கோரைப் பாசியில் பாஷாணம் இருக்கிறதாம்.
அதை அரைத்து ஆட்டுத் தீவனமாக விற்கப்போகும் கம்பெனிக்கு
எங்கள் ஆஸ்பத்திரி முத்திரை ஒன்று தேவைப்பட்டது.
ஆகவே சின்னப்பாலத்துக்கு நான்,
ஐஸ் பெட்டியும் நாற்பது குப்பிகளுமாய்.

முதலில் செய்யதம்மாளின் வெள்ளாடுகள்.
கரையில் ஒதுங்கிய கோரையை
உப்போடு மென்று வளர்ந்தவை.
மூக்கை லேசாகப் பொத்தினால் போதும்,
மூச்சு முட்டிப் பெய்துவிடும்.
அரை மணியில் பன்னிரண்டு குப்பி.

இந்த வேலைக்கு வந்துதான் படித்தேன்:
நஞ்சை வெளியே அனுப்புமுன்
உடம்பு அதற்கு முடிச்சுப் போடுகிறது.
கரி ஒன்று, ஹைட்ரஜன் மூன்று: ஒரு முடிச்சு.
மறுபடியும் ஒன்று.
ஒரு முடிச்சில் சில சமயம் முன்னைவிடச் சீறும்.
இரண்டில் பெரும்பாலும் அடங்கி
மூத்திரத்தோடு இறங்கிப்போகும்.

நாய் சில நாளில் கணக்கை முடித்துவிடும்.
முயலும் கைகாரிதான்.
எலிப் பாஷாணம் என்று பேர் வைத்து
ஒரு காலத்தில் பொட்டலம் கட்டி விற்றோமே,
அந்த எலி
இரண்டு முடிச்சையும் ஒழுங்காகப் போட்டுவிட்டு
வெளியே விடாமல்
சிவப்பணுவுக்குள் பூட்டி வைத்துக்கொண்டு
மாதக்கணக்கில் ஓடித் திரிகிறது,
கொன்றவனையே குடிவைத்த வீடு மாதிரி.

கினிப் பன்றிக்கு முடிச்சே தெரியாது.
மார்மொசெட் என்றொரு உள்ளங்கைக் குரங்கு, அதற்கும்.
சிம்பன்சிக்கும் கை வராதாம்,
நமக்கு அத்தனை கிட்டத்துச் சொந்தம்.
அதற்காக அவையெல்லாம் செத்தா ஒழிந்தன?
வேறு ஏதோ ஒரு வழி வைத்திருக்கின்றன.
எங்கள் டாக்டரிடம் கேட்டேன்.
மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

மனுசப் பிறவிதான்
பத்தில் ஒன்றை, சிலரிடம் இரண்டை,
ஒற்றை முடிச்சோடு விட்டுவிட்டு எழுந்து போகிறது.
நம்பினேன்.
என் வீட்டில் பாதி உரித்த வெங்காயம் கிடக்கிறது,
இரண்டு வருடமாய்க் கையெழுத்திடாத பத்திரம் கிடக்கிறது.

பாசி எடுக்கும் பெண்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்
என்று உத்தரவின் கடைசி வரியில் இருந்தது.
விரல்களில் கந்தல் சுற்றி,
கண்ணாடி மாட்டி,
மூச்சை அடக்கிப் பாறைக்குள் போகிறவர்கள்.
குப்பியைக் கொடுத்து விதியையும் சொன்னேன்:
மூன்று நாள் மீன் தின்னாமல் வரணும்.
மீனில் இருப்பது வேறு சாதி ஆர்சனிக்,
எல்லாக் கட்டும் கடலிலேயே கட்டிக்கொண்டு வந்தது,
வந்தபடியே போய்விடும், தீங்கில்லை,
ஆனால் கணக்கைக் குழப்பும்.

சிரித்தார்கள்.
நண்டு பிடித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் திரும்பிப் பார்க்கிற மாதிரி.
"மூணு நாள் மீன் இல்லேன்னா
ஒண்ணுக்கே வராதுங்க" என்றாள் பஞ்சவர்ணம்.
"ஆட்டுக்கும் எனக்கும் ஒரே பேப்பரா?" என்றாள் இன்னொருத்தி,
படிவத்தைத் தலைகீழாய்ப் பிடித்து.
ஒரே பேப்பர்தான்.
இனம் என்ற கட்டத்தில் மட்டும் மாற்றி எழுத வேண்டும்.

இருபத்தெட்டுக் குப்பியும் காலியாகத் திரும்பின.

பிறகு காற்று வந்தது.
பாம்பனில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றினார்கள்.
வள்ளங்கள் மணலில் கவிழ்ந்து கிடந்தன.
இரண்டாம் நாள் கருவாடு,
மூன்றாம் நாள் கருவாட்டுப் பானையைக் கழுவிய குழம்பு,
அதற்கப்புறம் கஞ்சியும் உப்பும்.

ஏழாம் நாள் காலை
ஆஸ்பத்திரி வாசலில் பஞ்சவர்ணம் நின்றாள்,
பின்னால் இருபத்தியேழு பேர்.
"இப்ப எடுத்துக்க."

சுத்தமான மாதிரிகள்.
இப்படி ஒழுங்கான விரதத்தை
எந்த ஆய்விலும் பார்த்ததில்லை என்று டாக்டர் மெச்சினார்.
'மீன் தவிர்த்த காரணம்: ஆய்வின் பொருட்டு'
என்று படிவத்தில் அச்சாகியிருந்தது.
இருபத்தெட்டிலும் அதை அடித்துவிட்டு
மூன்றாம் எண் கூண்டு என்று எழுதி அனுப்பினேன்.

பத்து நாள் கழித்துக் கம்பெனியிலிருந்து போன்.
குரல் மரியாதையாகத்தான் இருந்தது:
"மூணாம் நம்பர் கூண்டுன்னு போட்டிருக்கீங்களே மேடம்,
அதுல எந்த விலங்கு?"