இரண்டு வாரம்

கும்பகோணம், பாத்திரக்கடை மாடி.
ஒன்பதே கால். நின்றபடியே பேசுகிறோம்:
நேற்று என்ன, இன்று என்ன, எது மறிக்கிறது.
"மழை" என்கிறான் அபுதாகிர். யாரும் சிரிக்கவில்லை.

நூற்றிருபது பக்கத்துக்குத் திட்டம் ஒன்று இருந்தது.
வலங்கைமான் கொள்முதல் நிலையத்தில்
பக்கிரிசாமி அதன்மேல் டீ கிளாஸை வைத்தார்.
"ரோட்டுல நெல் கிடக்குது தம்பி.
டோக்கன் வரிசை மட்டும் முதல்ல கொடுங்க."

கொடுத்தோம். ஒரே ஒரு பொத்தான்.
அதுவும் தப்பு.
உமித்தூசி ஒட்டிய விரலுக்கு
அது கடுகு.

சுவரில் மஞ்சள் சீட்டுகளை இடம் மாற்றுகிறாள் ரெஜினா.
கீழே எவர்சில்வர் குடம் உருள்கிறது.
முறைவைத்து மதகு திறப்பதுபோல்
இரண்டு வாரத்துக்கு ஒரு தண்ணீர்;
வரப்பு எங்கே கசிகிறதென்று
பாய்ச்சினால்தான் தெரியும்.

இன்று பொத்தான் நெல்லிக்காய் அளவு.
பக்கிரிசாமி அழுத்திப் பார்க்கிறார்.
நன்றாயிருக்கிறது என்று சொல்லவில்லை.
"சாக்குக் கணக்கு எப்போ?"