விலகல் (3)

நியூலின் துறைமுகத்தில் தமிழ் தெரிந்தவர் எவருமில்லை.
பூட்டு அவர்களுடையது;
சாவியை மட்டும் நம் எழுத்தில் வெட்டிக்கொண்டேன்.
பொறுத்துக்கொள்ளுங்கள்.

அதிகாலை மூன்றரை. பனிக்கட்டி ஆலை.
மொர்வென்னா ட்ரெகீர், முப்பத்து நான்கு வயது,
நேற்றைய செய்தித்தாளை நாலாய் மடித்து
மைப்பேனாவால் குறுக்கெழுத்துப் போடுகிறாள்.
பென்சில் கோழைகளுக்காம்.
படகுக்கு இரண்டு டன் கேட்டு வந்த
பிரன் நான்கிவெல், ஐம்பத்திரண்டு,
சரிவுக்குழாய் அடைத்துக்கொண்டதால் காத்திருக்கிறான்.
ஈரக் கையுறையைக்கூடக் கழற்றவில்லை.

‘நேராய்ச் சொன்னால் என்ன குறைந்துவிடும்?’
‘நேராய்ச் சொன்னால் அது அகராதி.

இதைப் பார்:
பகல் வியாபாரத்தின் நடுவே படிப்பு. மூன்று எழுத்து.
கடைவீதி, கல்லாப்பெட்டி, இரவுப் பள்ளிக்கூடம் என்று
உன் புத்தி மேயக் கிளம்பும். விடாதே.
இரண்டு சொல்லுக்கும் நடுவே உள்ள இடைவெளியை அழி.
பகல்வியாபாரம்.
தலையில் ஒன்றைத் தள்ளு, வாலை நறுக்கு:
கல்வி. பட்டப்பகலில் உட்கார்ந்திருந்தது.’

அவன் சிரிக்கவில்லை.
ஆனால் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

‘கடலின் தலை, அப்புறம் மீனவன் விரிப்பது: மன உளைச்சல்.’
‘கடலுக்கு ஏது தலை?’
‘முதலெழுத்து. க.’
‘விரிப்பது வலை.’
கொஞ்ச நேரம் குளிர்யந்திரம் மட்டும் உறுமியது.
‘கவலை,’ என்றான்.
‘முப்பது வருஷமாய் வலை இழுக்கிறேன்,
ஒரே ஒரு எழுத்துதானா இடைவெளி?’

விதி இவ்வளவுதான், என்றாள்.
நேரான பொருள் வரியின் தொடக்கத்தில் இருக்கும்,
இல்லையேல் முடிவில்.
நடுவில் ஒருநாளும் இராது.
மற்றதெல்லாம் பல்சக்கரம், கிரீஸ்.
எழுதுகிறவன் ஏமாற்றலாம்; பொய் சொல்லக் கூடாது.

மேலிருந்து கீழ், பதினேழு:
பரிவின் தலையில் விலங்கு மாட்ட, விலகல். மூன்று.
இரண்டு மணி நேரமாய் அவளுக்கே பிடிபடாதது.
நாய், நரி, கழுதை என்று
பரிவின் மேல் எதையெதையோ ஏற்றிப் பார்த்தாயிற்று.
பரிக்குள் ஏற்கெனவே ஒரு குதிரை நிற்பது வேறு குழப்பம்.

‘பிரிவு,’ என்றான் பிரன்.

கட்டத்தில் வைத்துப் பார்த்தாள். பொருந்தியது.
அப்புறம்தான் அவளுக்கு இயந்திரம் விளங்கியது:
பகரத்தின் தலையில் ஏறுகிற இகரக் கொக்கிக்கு
மேல்விலங்கு என்று பெயர்.
மிருகமில்லை, தளை.
அடடா என்று மேசையைத் தட்டினாள்.
‘எப்படிப் பிடித்தாய்?’
‘விலகல் என்றுதான் கடைசியில் எழுதியிருக்கிறதே.
பொருள் ஓரத்தில் இருக்கும் என்றாய்.’

ஒரு கையுறையைக் கழற்றினான். கைபேசியை நீட்டினான்.
மனைவி லவ்டே அனுப்பியது, இரவு பதினொன்று பத்துக்கு:

சூப் அடுப்பில் இருக்கிறது.
நாய்க்கு மருந்து கொடுத்தாயிற்று.
நான் ட்ரூரோவில் அக்காவோடு இருக்கப்போகிறேன்.
காற்று பலமாம், பத்திரம்.

‘இதை அவிழ்.’

தொடக்கத்தைப் படித்தாள்: சூப்.
முடிவைப் படித்தாள்: பத்திரம்.
நடுவில் இராது என்று சொன்ன வாய்
நடுவிலேயே நின்றது.
பேனாவை மூடினாள். திறந்தாள்.
‘அபூர்வமாய் ஒரு வகை உண்டு,’ என்றாள்.
‘முழு வரியும் இயந்திரம், முழு வரியுமே பொருள்.
அதை வெட்டிப் படிக்கக் கூடாது.’
‘விடை?’
‘எத்தனை எழுத்து என்று அவள் போடவில்லையே.’

அந்நேரம் பார்த்துக் குழாய் விட்டுக்கொடுத்தது.
இரண்டு டன் வெள்ளை, இரைச்சலாய், படகின் வயிற்றுக்குள்.
அவன் எழுந்து ஓடினான். பாலத்தில் நின்று
வெறுங்கையால் எதையோ தட்டினான்,
அழித்தான், மறுபடி தட்டினான்.

மேசையில், நிரம்பிய கட்டங்களின் மேல்,
அவன் விட்டுப்போன ஒற்றைக் கையுறை.
அவள் எடுப்பதற்குள்
பதினேழின் மை
பக்கத்துக் கட்டத்துக்குப் போய்விட்டிருந்தது.