பாரமில்லாத ஓம்

கொக்குவில் ரயில் கடவைக்கு இந்தப் பக்கம்
என் தகரக் கூரைக்குக் கீழே
மூன்று நாள் நின்றது யூட் றெஜினோல்ட்டின் ஸ்ராலெற்.
எஞ்சின் பஞ்சிகாவத்தையில் வாங்கினது.
மூளை மெல்பேணில் இருந்து தமையன் அனுப்பினது,
நாலு தீப்பெட்டி அடுக்கின அளவில் ஒரு அலுமினியப் பெட்டி.
இரண்டுக்கும் நடுவில் ஓடுகிற வயர்கள்
யார் யாரோ போட்டவை.

"வயரிங் பார்க்கிறவர் இல்லையோ?" என்று
முதல்நாள் வாசலில் நின்று கேட்டான்.
"ஓம், நான்தான்" என்றேன்.
கொஞ்சநேரம் எனக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தான்,
இன்னுமொரு ஆள் வருமென்று.

நோய் இதுதான்:
திறப்பைத் திருகினால் ஸ்ராட்டர் சுற்றும்,
எஞ்சின் ஒருக்கா இருமும்,
பிறகு லப்ரொப் திரையில் முள் பேயாட்டம் ஆடும்.
இருநூற்றெண்பது, பூச்சியம், ஆறாயிரத்து நாநூறு, பூச்சியம்.
பற்ற மறுக்கிற எஞ்சின் ஆறாயிரம் சுற்றுமோ?
பெட்டி ஒருகணம் செத்து, மறுகணம் பிறந்து,
தான் யாரென்று முதலில் இருந்து கேட்கும்.

எனக்கு முன்னம் பார்த்தவர்கள்
கிராங்க் சென்சரை மாற்றினார்கள்,
கொயிலை மாற்றினார்கள்.
மானிப்பாயில் ஒருவர் பெட்டியையே கழற்றித் தரச்சொல்லி
நல்ல விலையும் சொன்னாராம்.

நான் மீற்றரை எடுத்தேன்.
கையேட்டில் வெள்ளையில் கறுப்புக் கோடு,
காரில் மண்ணிறம்.
நிறத்தை விட்டுவிட்டு முனையைப் பிடித்தேன்.
ஒரு நுனி இங்கே, ஒரு நுனி அங்கே,
பீப். பீப்.
முப்பத்துநாலு பின்னையும் கேட்டேன்,
முப்பத்துநாலும் ஓம் என்றன.
எர்த்தைக் கேட்டேன்: தசம் இரண்டு ஓம்.
எங்கட ஊரில் அதற்குப் பெயர் சம்மதம்.

இரவு அந்த ஓமை உருட்டிக்கொண்டு கிடந்தேன்.
மீற்றர் கேட்கிறது மிக மெல்லிய கேள்வி.
எறும்பு ஒன்றை அனுப்பி
பாலம் நிற்குதோ என்று பார்த்துவரச் சொல்வதுபோல.
எறும்பு போய்வந்து, நிற்குது என்கிறது.
பொய்யில்லை.
லொறி இன்னும் போகவில்லை.

காலமை வந்ததும் பழைய ஹெட்லைற் பல்ப் ஒன்றைத் தேடியெடுத்து
பற்றரிக்கும் அந்த எர்த்துக்கும் நடுவில் கொழுவினேன்.
ஐம்பத்தைந்து வாற்று.
ஒருகணம் கண்ணைக் கூசவைத்தது,
பிறகு இறங்கி இறங்கி
பீடி நுனி அளவு சிவப்பில்
அப்படியே நின்றது.

பல்பைக் கழற்றினேன். யூட்டைத் திறப்பைத் திருகச் சொல்லி
எர்த் பின்னுக்கும் பற்றரியின் கறுப்புக்கும் நடுவில் பார்த்தேன்:
இரண்டு தசம் மூன்று வோல்ற்.
பூச்சியம் இருக்கவேண்டிய இடம்.
நிலமென்று நம்பிக் கால் வைத்த நிலம்
இரண்டு முழம் மேலே மிதக்குது.
அந்தப் பெட்டி தடுமாறாமல் வேறென்ன செய்யும்?

கார்ப்பெற்றைக் கிளப்பினேன்.
சாரதி இருக்கைக்குக் கீழே, ரேப் சுற்றின ஒரு முடிச்சு.
ஈயம் வைக்கவில்லை, முறுக்கி விட்டிருக்கிறார்கள்.
குருநகர்க் கரையில் வருசக்கணக்காக நின்ற கார்;
உப்பு உள்ளே போய்ச் செம்பைப் பச்சையாக்கி
மாவாக்கி வைத்திருந்தது.
ஊதினேன், பறந்தது.
மிஞ்சினது ஒரேயொரு இழை,
தலைமயிர் மொத்தம்,
முட்டியும் முட்டாமலும் மினுங்கிக்கொண்டு.
எனக்கு ஓம் சொன்னது அதுதான்.
கோபம் வரவில்லை. கேட்டதுக்குச் சரியாகத்தான் சொன்னது.

புது வயரை எஞ்சின் உடம்புக்கே கொண்டுபோய்
பெயின்றைச் சுரண்டி, நட்டை இறுக்கினேன்.

திறப்பு.
முள் ஏறி, தொள்ளாயிரத்தில் போய் இருந்தது,
லேசான நடுக்கத்தோடு. சூடேற அடங்கும்.
காங்கேசன்துறை ரயில் அந்நேரம் பார்த்துக் கடவையைத் தாண்ட
எஞ்சின் சத்தம் எங்களுக்குக் கேட்கவில்லை,
டாஷ்போர்ட்டில் கை வைத்துத்தான்
ஓடுதென்று அறிந்தோம்.

"காசு வெள்ளிக்கிழமை தருவீரோ?"
"ஓம் அக்கா."
உடனேயே சொன்னான், யோசிக்கவேயில்லை.
பல்ப் இன்னும் என் கையில் இருந்தது.