மூன்றாம் அலகு

கருப்பூர் கல்லூரியில் பாடத்திட்டக் குழு.
முதல்முறையாக முதலாளிகள் வந்திருந்தார்கள்.
முதல்முறையாக மாணவர் இருவர்.
நாற்காலி ஒன்று குறைய
ஆய்வகத்திலிருந்து ஸ்டூல் வந்தது.
அதில் யார் உட்கார்வதென்று யாரும் சொல்லவில்லை.
தில்ஷாத் உட்கார்ந்தாள்.

குறிப்பெடுப்பது நான்.

சேகோ ஆலை அர்த்தநாரி
கோப்பைப் புரட்டாமலே சொன்னார்:
"பசங்களுக்கு எல்லாம் தெரியுது சார்,
ஈரமாவைக் கையில பிடிச்சா
காஞ்சுதா இல்லையான்னு மட்டும் தெரியல."
லேத் பட்டறை பெனடிக்ட்
வெர்னியர் பிடிக்கத் தெரிந்தால் போதும் என்றார்.
துறைத்தலைவர் இரண்டையும் சேர்த்து
'செயல்திறன் மேம்பாடு' என்று எழுதச் சொன்னார்.
எழுதினேன்.

சன்னலில் சேர்வராயன், பாதி மேகத்துக்குள்.
தட்டுவடை செட் வந்தது.
பீட்ரூட் துருவல் உதிர்ந்து
மூன்றாம் அலகு
'பணியிடத் தொடர்பாடல்'
சிவந்துபோனது.

கோகுலவாசன் கேட்டான்:
"ஆறு மாசம் ஆலைக்கு அனுப்பறீங்க.
வாழப்பாடியிலருந்து எனக்கு ரெண்டு பஸ்.
சம்பளம் உண்டா, மார்க் மட்டுந்தானா?"

பெனடிக்ட் தட்டுவடையைக் கடித்த சத்தம்
எல்லோருக்கும் கேட்டது.
"அது இதர விஷயங்கள்ல வரும் தம்பி."

தில்ஷாத் ஸ்டூலில் இருந்தபடியே சொன்னாள்:
"உங்க ஆலையிலதான் சார்,
போன சீசன் முழுக்க சாயங்கால ஷிஃப்ட்.
முகத்துல துணி கட்டியிருப்பேன்.
மூணாவது சல்லடை ஓரத்துல கிழிஞ்சிருந்தது.
எனக்குத் தெரியும்.
யார்கிட்ட சொல்றதுன்னுதான் தெரியல."

அர்த்தநாரி கண்ணாடியைக் கழற்றினார்.
இப்போதுதான் அவளைப் பார்க்கிறார்,
அல்லது அந்தச் சல்லடையை.
"எத்தனை நாளு?"
"பதினாறு."
விரல்கள் மேசைமேல் எதையோ எண்ணின.
மூட்டைகளாக இருக்கலாம்.
"அதச் சொல்லிக்குடுங்க மொதல்ல" என்றார்
எங்களைப் பார்த்து.
"சொன்னாக் கேக்கறதுக்கும்
யாராச்சும் படிக்கணும் சார்" என்றாள்.

அதற்கு எத்தனை கிரெடிட் என்றார் துறைத்தலைவர்.
பழக்கதோஷம்.

சிவந்த வரியை அடித்துவிட்டு எழுதினேன்:
மூன்றாம் அலகு.
கிழிந்த சல்லடையை யாரிடம், எந்த நேரத்தில் சொல்வது.
வகுப்பு: ஆலையில்.
மேலாளருக்கும் வருகைப்பதிவு உண்டு.

அர்த்தநாரி ஒரு நிமிடம் யோசித்து
'மேலாளர்' பக்கத்தில் தன் பெயரையும் சேர்க்கச் சொன்னார்.
சீசன் இல்லாத மாதமாகப் பார்த்து.

சம்பளம்
இதர விஷயங்களிலேயே கிடந்தது.
ராத்திரி தட்டச்சு செய்யும்போது
அதை முதல் பக்கத்துக்கு நகர்த்தினேன்,
யாரையும் கேட்கவில்லை.

கையெழுத்துக்குப் போயிருக்கிறது.
இன்று பதினேழாவது நாள்.