ரீடிங்

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை
மேல் குன்னூரின் பெரிய வீடுகள் எனக்குத் திறக்கும்.
முன்வாசல் அல்ல, பக்கவாட்டுக் கேட்.
"கரண்டுப் பொண்ணு வந்திருக்கு, நாயைக் கட்டு"
என்று உள்ளிருந்து ஒரு குரல்.
ஏழு வருடத்தில் நாய்க்கு என்னைத் தெரிந்துவிட்டது.
அவர்களுக்கு என் பெயர் தெரியாது,
எனக்கு அவர்கள் யூனிட் தெரியும்.

லத்தீப் சேட்டு பங்களாவில்
பித்தளைப் பலகையில் ஒரே ஒரு பெயர்.
பலகைக்குக் கீழே ஐந்து மீட்டர்.
பாகம் பிரிந்தார்களா,
இல்லை, வீட்டுக்கு நூறு யூனிட் இலவசம் என்பதால் பிரித்தார்களா?
ஆபீசில் பந்தயம் கட்டினோம்.
தூளைக் கப்பலேற்றிய குடும்பம்,
ஐந்நூறு யூனிட்டுக்கா அலையும் என்றார் போர்மேன்.
அப்படி அலைந்ததால்தான் சார் கப்பலேற்றினார்கள் என்றேன்.
நோன்பு மாதத்தில் ஒருநாள் நேரமாகிவிட்டது.
நாலு கதவிலிருந்து நாலு தட்டு சமோசா வந்தது.
ஐந்தாவது கதவை மூத்தவர் பாதி திறந்து
"அவங்க என்ன கொடுத்தாங்க?" என்று கேட்டார்.
பந்தயத்தில் நான் தோற்றேன்.

கோயம்புத்தூர் மில்காரர்களின் வீட்டில்
பதினோரு மாதம் ஒரே ஒரு வாட்ச்மேன் பல்பு.
மே வந்தால் மீட்டரின் சிவப்புப் புள்ளிக்கு மூச்சு வாங்கும்.
அந்த வீட்டைப் பற்றி வேறொன்றும் சொல்வதற்கில்லை.

தாராச்சந்த் கோத்தாரி, ஏல புரோக்கர்.
வியாழன் வெள்ளிகளில்
ஊர்த் தூளையெல்லாம் வாயில் ஊற்றித் துப்பி
விலை சொல்லும் குடும்பம், மூன்று தலைமுறையாக.
பேக்டரிகளுக்கு முன்பணமும் அவர்கள்தான்.
எண்கள் ஏறாது, இறங்காது.
நான் கடைசிப் படி இறங்குமுன்
பின்னால் விளக்கு அணைந்துவிடும்.
கடன் கொடுக்கிற வீட்டில் இருட்டும் சிக்கனம்தான் போல.

எடப்பள்ளி வளைவில் ஆலன் கௌடர் பேக்டரி.
எங்கள் அரை ஏக்கர் இலையும் அங்கேதான் போகிறது.
கிலோ பன்னிரண்டுக்கு விழுந்த வருடமும்
மிஷின் நிற்கவில்லை,
ராத்திரி முழுக்க இலை வாட்டும் காற்றாடிகள்.
ரோட்டில் வரும்போதே வாசம் சொல்லும்,
கௌடர் இன்னும் கௌடர்தான் என்று.

போன மார்கழியில் என் மேஜைக்கு ஒரு காகிதம் வந்தது.
பெயர் மாற்ற விண்ணப்பம்.
பழைய பெயர்: ஆலன் கௌடர் அன் சன்ஸ்.
புதிய பெயர் கோத்தாரியின் இளைய மருமகளுடையது.
இங்க் பேனாவில் கையெழுத்து,
கடைசி எழுத்து மட்டும்
காகிதத்தைக் கொஞ்சம் கிழித்திருந்தது.
சீல் வைத்தேன். டிராயரில் போட்டேன்.
ஊருக்கு இன்னும் தெரியாது.

இரண்டு வாரம் கழித்து எத்தையம்மன் பண்டிகை.
வெள்ளைத் தலைப்பாகையில் முன்வரிசையில் அவர்.
கோத்தாரியும் வந்திருந்தார்,
கூட்டத்தின் ஓரத்தில்,
செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு.
இருவரும் கும்பிட்டுக்கொண்டார்கள்.
யார் முதலில் கையை இறக்குகிறார்கள் என்று
பார்த்துக்கொண்டே இருந்தேன்.
வரிசை நகர்ந்துவிட்டது.

தை மாதம் கௌடரின் வீட்டுக்குப் போனேன்.
முதல்முறையாக அவரே கேட் வரை வந்தார்.
"எவ்வளவும்மா?"
எண்பத்திரண்டு யூனிட், கட்ட வேண்டியதில்லை என்றேன்.
"கவர்மென்ட் நமக்குச் சும்மா கொடுக்குதா" என்று
சிரிக்கப் பார்த்தார்.
நாய் படுத்த இடத்திலிருந்து எழவில்லை.
"உன் பேர் என்ன?" என்றார்.
சொன்னேன். அவருக்குக் கேட்டதா, தெரியாது.

அன்றைக்கே பேக்டரிக்கும் போனேன்.
பெட்டியின் மேல் பெயின்ட் எழுத்து இன்னும் பழையதுதான்.
ஆள் மாறினால்
மீட்டர் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிப்பதில்லை,
நாற்பத்தெட்டாயிரத்து இருநூற்றுப் பதினேழு
இருநூற்றுப் பதினெட்டு ஆகும், அவ்வளவுதான்.
குறித்துக்கொண்டு திரும்பினால்
வீட்டுக்காரர் தராசு வரிசையில் நிற்கிறார்.
இலை ஈரமாம்.
மூட்டைக்கு இரண்டு கிலோ கழித்தார்கள்,
போன வருடம் கழித்த அதே பையன்.