முகமூடிக்காரர் மாநாடு

கொக்குவில் மண்டபத்துக்குக் கட்டின பதினையாயிரம்
இன்னும் திரும்பி வரவில்லை.
"கலியாணங்களே நிக்குது தம்பி,
உங்கட முகமூடிக் கூட்டத்துக்கு நான் என்ன செய்ய?"
என்றார் முதலாளி.
அவரும் முகமூடி போட்டிருந்தார்,
மூக்குக்குக் கீழே.

ஊர் முழுக்க முகத்தை மூடித் திரிந்த வருசத்தில்
நாங்கள் மட்டும் கூடக்கூடாது.
எங்கள் ஆழிமுகனோ
முப்பத்தொரு சித்திரப் புத்தகத்திலும்
ஒரு தரம்கூட முகத்தைக் காட்டாதவன்.

நோட்டீஸ் அடித்தாயிற்று:
சித்திரை இருபத்தைந்து, காலை ஒன்பது மணி,
மதியச் சாப்பாடு உண்டு.
யதுர்சி 'காலை'யை 'இரவு ஏழு' ஆக்கினாள்.
சாப்பாட்டை வெட்ட மறந்துவிட்டாள்.
ஒஸ்லோவிலிருந்து ஒருவர் கேட்டார்
மரக்கறியா மச்சமா என்று.

ஊரடங்கு எங்கள் வீடுகளுக்குப் புதிய சொல்லில்லை.
அறிவித்த அன்றே அம்மா
மெழுகுதிரி இருக்கிற இலாச்சியைப்
பார்க்காமலே இழுத்தா.

சூமில் நாற்பது நிமிடம்தான் சும்மா.
முதல் பதினைந்தை
"கேக்குதா?" "கேக்கேல்லை" "இப்ப?" தின்றது.
யாரோ வீட்டுக் குக்கர் மூன்று தரம் கூவியது.
சோனகதெரு றிஸ்மியா
கடலரசியின் கிரீடத்தோடு வந்தாள்,
பேப்பர்க் கப்பும் பொன் வர்ணமும்.
எழும்பின போது கீழே வீட்டுப் பாவாடை.
நூறு புள்ளி போட்டோம் அதற்கும்.
ஸ்காபரோவில் காலை ஒன்பதரை,
கபிலாஷ் கண் பீளையோடு,
வாளை மட்டும் திரைக்குள் நீட்டினான்.
மண்டபம் கிடைத்திருந்தால் இவன் வந்திருப்பானா?
அப்படி நினைத்த என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

மூலையில் ஒரு கறுப்புச் சதுரம்.
'சம்சுங் ஏ பத்து' என்று பெயர்.
கதைக்கவில்லை. கை தூக்கவில்லை.
இணைப்பு அறுந்து நாங்கள் திரும்பி நுழைந்த
ஒவ்வொரு தரமும்
எங்களுக்கு முன்னமே அது அங்கே நின்றது.

மூன்றாம் சுற்றில் குருநகரில் கரண்ட் போனது.
ஜெனிஸ்டன் முழுக் கவசத்தோடு
சிக்னல் தேடி ஒழுங்கைக்கு இறங்கினான்.
திரையில் அவன் நாடி, பிறகு வானம்,
பிறகு ஒரு டோர்ச் வெளிச்சம்.

"மே மொகத? என்ன இது?"

தோளில் செதில், நெஞ்சில் நங்கூரம்,
தலையில் சுறாவின் வாய்.
அந்தக் கோலத்தில் ஒருவன்
ரோந்துக்காரனுக்கு எந்தப் பாசையில் விளக்குவது?
நாற்பத்தியிரண்டு சதுரமும் மூச்சை நிறுத்தின.
யாரும் மைக்கை மூடவில்லை.
ஒஸ்லோவில் ஒரு கதிரை கிறீச்சிட்டது.
அடையாள அட்டை எங்கே என்று அந்தக் குரல் கேட்கும்,
எங்களுக்குத் தெரியும்,
எங்களில் பிறக்காதவர்களுக்கும் தெரியும்.

"கார்ட்டூன், சேர்" என்றான் ஜெனிஸ்டன்.
"போன்ல மீட்டிங்."

பிறகு ஒன்றும் இல்லை.
நாய் ஒன்று குரைத்தது.
பிறகு டோர்ச் வெளிச்சம் செதில் செதிலாக
அவன் தோளில் ஏறி இறங்கியது,
மெல்ல, படம் பார்க்கிற மாதிரி.
"உள்ளுக்குப் போ."
சைக்கிள் செயின் சத்தம் தூரப் போனது.

கறுப்புச் சதுரம் அப்போதுதான் திறந்தது.
ஐம்பது வயதிருக்கும் ஒரு மனுசி,
நுளம்பு வலைக்குள் இருந்தபடி,
"தம்பி வீட்டுக்குள்ள போட்டாரோ?" என்று கேட்டா.
"போட்டன் அன்ரி" என்று அவன் சொல்ல
நாற்பதாவது நிமிடம் வந்து
எல்லாரையும் துடைத்துக்கொண்டு போனது.

திரும்பி வந்தபோது அவ இல்லை.
யாருடைய அம்மா, எந்தப் புத்தகத்தின் வாசகி,
இன்றுவரை தெரியாது.

ஆவணியில் இறங்குதுறையில்
ஜெனிஸ்டனை நேரில் கண்டேன்.
கவசத்தைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினான்.
ஐஸ் மீன் வருகிற றெஜிபோம் பெட்டியில் வெட்டினது.
இரண்டு மீற்றர் தள்ளி நின்றும்
முகமூடிக்கு மேலாலும்
வெடுக்கு அடித்தது.
"அண்டைக்கும் இப்பிடித்தானோ?" என்றேன்.
"அதால தான் விட்டவங்கள் போல" என்று சிரித்தான்.